நக்கீரருக்கு ஒரு மியூட் பட்டன்

தன் தப்பைத் தானே ஒப்புக்கொள்கிற மனிதன் அபூர்வம். தன் தப்பைக் கண்டுபிடிக்கத் தானே மெனக்கெட்டு ஒரு டூல் செய்து, அது கண்டுபிடித்துச் சொன்னதும் அதனோடு மல்லுக்கு நிற்கிற ஜென்மம் அதைவிட அபூர்வம். அந்த ஜென்மத்துக்கு புரோகிராமர் என்று பெயர்.

வம்பைத் தொடங்கி வைத்தவர் ஸ்டீவ் ஜான்சன். இடம், அமெரிக்காவின் பெல் லேப்ஸ். காலம், 1970களின் பிற்பகுதி. அங்கே டென்னிஸ் ரிட்சி என்ற மேதை 'சி' மொழியைப் படைத்து உலாவ விட்டிருந்தார். சி-க்கு ஒரு பெருந்தன்மை உண்டு. எழுதுகிறவர் விவரம் தெரிந்தவர் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பும். மூன்று மதிப்புகள் அனுப்ப வேண்டிய ஃபங்ஷனுக்கு இரண்டே அனுப்பினாலும் "ஐயா சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்று கம்பைல் செய்துவிடும். அப்புறம் ராத்திரி இரண்டு மணிக்கு புரோகிராம் படுத்துக்கொள்ளும்போது ஐயாவைக் காணோம்.

அப்போது பெல் லேப்ஸின் ஆபரேட்டிங் சிஸ்டமான யூனிக்ஸைப் பெரிய 32 பிட் மெஷின்களுக்குக் குடிமாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது. பழைய மெஷினில் சமர்த்தாக ஓடிய கோட், புதிய மெஷினில் காலை வாரியது. கம்பைலரையே கொஞ்சம் கண்டிப்பானவராக்கியிருக்கலாமே என்கிறீர்களா? அதற்கு அவசரம், மளமளவென்று மொழிபெயர்த்துத் தள்ள வேண்டும். ஆகவே ஜான்சன், குறை சொல்வதற்கென்றே தனியாக ஒரு புரோகிராம் எழுதினார். லிண்ட் என்று பெயர். அது உங்கள் கோடை ஓட்டாது. வாசிக்கும். வாசித்துவிட்டுத் திட்டும். "இந்த வேரியபிளை எதற்கு வைத்திருக்கிறாய்? தொடவே இல்லையே!" "இந்த வரிக்கு யாருமே வந்து சேர முடியாதே, யாருக்காக எழுதினாய்?"

1979இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு லிண்ட் வெளியுலகுக்கு வந்தது. இன்று ஸ்டாட்டிக் அனாலிசிஸ் என்ற பெயரில் கோட் போட்டு, டை கட்டிக்கொண்டு விற்கப்படும் எல்லா டூல்களுக்கும் இதுதான் கொள்ளுத்தாத்தா. தாத்தா டை கட்டவில்லை. திட்டு மட்டும் அதே திட்டுதான்.

இனிமேல்தான் மனித சுபாவம். பாண்டியன் சபையில் நக்கீரர் வாயை அடைக்க சிவபெருமானே நேரில் வந்து, நெற்றிக்கண்ணையும் திறந்து பார்த்தார், பலிக்கவில்லை. சி புரோகிராமருக்கு அத்தனை சிரமம் வேண்டியிருக்கவில்லை. ஒரு கமென்ட் போதும். 'நாட்ரீச்டு' என்று ஒரே ஒரு வார்த்தையைக் கமென்டாகப் போட்டால், வந்து சேர முடியாத வரியைப் பற்றி லிண்ட் மூச்சு விடாது. 'ஆர்க்ஸ்யூஸ்டு' என்று போட்டால், பயன்படாத ஆர்க்யுமென்டைப் பற்றிப் பேசாது. இதெல்லாம் யாரோ திருட்டுத்தனமாகக் கண்டுபிடித்த குறுக்குவழி என்று நினைக்காதீர்கள். ஜான்சனே செய்து கொடுத்த வசதி! தன் சக ஊழியர்களை அவர் நன்றாகப் புரிந்து வைத்திருந்தார்.

சரி, பக் என்றால் பக். அதில் வாதம் இல்லை. ஸ்டைல்? அங்கேதான் மகான்கள் சட்டையை மடித்துக்கொண்டு இறங்கினார்கள்.

முதல் மகான் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. 1968 மார்ச்சில், வேறு வரிக்குத் தாவச் சொல்லும் 'கோட்டூ' என்ற கட்டளை புரோகிராமைக் கெடுக்கிறது என்று ஏசிஎம் என்ற கம்ப்யூட்டர் சங்கத்தின் சஞ்சிகைக்கு எழுதினார். அவர் வைத்த தலைப்பு சாதுவானது: கோட்டூவுக்கு எதிரான வாதம். ஆசிரியராக இருந்த நிக்லாஸ் விர்த், அதைக் கட்டுரையாக வைத்துக் காலம் கடத்தாமல் வாசகர் கடிதமாகப் போட்டு, தலைப்பை 'கோட்டூ தீங்கானது' என்று மாற்றினார். உலகப் புகழ் பெற்றது அந்தத் தலைப்பு. க்ளிக்பெய்ட் என்று நாம் இப்போது சலித்துக்கொள்கிறோமே, அதை க்ளிக் பிறப்பதற்கு முன்பே ஒரு ஸ்விஸ் பேராசிரியர் செய்து முடித்துவிட்டார்.

இத்தனைக்கும் டைக்ஸ்ட்ரா தன் எழுத்தில் பெரும்பகுதியை ஃபவுன்டன் பேனாவில் எழுதியவர். சொந்தமாகக் கம்ப்யூட்டர் வைத்துக்கொள்வதில் வெகுகாலம் ஆர்வம் காட்டாதவர். அவருடைய கோட்டூ கடிதத்துக்குப் பதில்போல 1974இல் டொனால்ட் க்னூத், கோட்டூவை வைத்துக்கொண்டும் ஒழுக்கமாக வாழலாம் என்று நீளமாக ஒரு கட்டுரை எழுதினார். 1987இல் ஒருவர் அதே சஞ்சிகையில் "'கோட்டூ தீங்கானது' என்பது தீங்கானது" என்று எழுதினார். சில மாதங்களில் வேறு சிலர் "'கோட்டூ தீங்கானது என்பது தீங்கானது' என்பது தீங்கானதா?" என்று எழுதினார்கள். சத்தியமாக, இது என் கற்பனை இல்லை. கடைசியில் டைக்ஸ்ட்ராவே நொந்துபோய் ஒரு பதில் எழுத வேண்டியிருந்தது. பத்தொன்பது வருஷம் கழித்தும் ஒரு வாசகர் கடிதத்துக்கு எதிர்க்கடிதம் வருகிறது என்றால் அது தீங்கானதுதான்.

அடுத்தது வரியின் நீளம். ஒரு வரியில் எண்பது எழுத்துக்கு மேல் போகக்கூடாது என்று பல ஸ்டைல் டூல்கள் அடம்பிடிக்கும். எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது? 1928இல் ஐபிஎம் வெளியிட்ட துளை அட்டையில் எண்பது பத்திகள் இருந்தன. அவ்வளவுதான் சாஸ்திரம். அட்டை போய் டெர்மினல் வந்தது, அதுவும் எண்பது. டெர்மினல் போய், சுவரை அடைக்கிற மானிட்டர் வந்தது. அப்போதும் லினக்ஸ் கெர்னலின் 'செக்பேட்ச்' ஸ்கிரிப்ட் எண்பத்தோராவது எழுத்தைக் கண்டால் முகம் சுளித்தது. 2020இல்தான் லினக்ஸின் கர்த்தா லினஸ் டோர்வால்ட்ஸ் போதும் என்று அலுத்துக்கொள்ள, வரம்பு 100 ஆனது. அட்டையைக் கண்ணால் கண்டிராத பேரன்மார்கள் தொண்ணூற்றிரண்டு வருஷம் பழமையான ஓர் அட்டைக்கு அடங்கி ஒடுங்கி வாழ்ந்திருக்கிறார்கள்.

இந்த லினஸ் ஏதோ ஸ்டைல் விஷயத்தில் தாராள மனசுக்காரர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கெர்னல் ஸ்டைல் வழிகாட்டியின் தொடக்கத்திலேயே, ஸ்டைலில் எதிர்முகாமான க்னூ திட்டத்தின் கோடிங் விதிகளை பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்கிறார். படிப்பதற்கு அல்ல. கொளுத்துவதற்கு.

டேப்பா ஸ்பேஸா என்ற குடும்பச் சண்டைக்கும் பெல் லேப்ஸ்தான் எண்ணெய் ஊற்றியது. 1976இல் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 'மேக்' என்ற டூலை எழுதினார். அதில் கட்டளை வரி டேப்பில்தான் தொடங்க வேண்டும். ஸ்பேஸ் வைத்தால் முரண்டு பிடிக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும் என்பதுதான் கொடுமை. இது அசட்டுத்தனம் என்று ஃபெல்ட்மனுக்குச் சில வாரங்களிலேயே புரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் ஏறக்குறைய ஒரு டஜன் பேர், பெரும்பாலும் நண்பர்கள், மேக்கைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்களாம். அவர்களுக்குச் சங்கடம் வேண்டாமே என்று அப்படியே விட்டுவிட்டார். பன்னிரண்டு பேருக்குத் தாட்சண்யம் பார்த்ததில், அரை நூற்றாண்டாக உலகமே டேப் தட்டுகிறது.

இந்தச் சண்டைகளுக்கெல்லாம் ஒரு முடிவு வந்தது 2009இல். கூகுள் வெளியிட்ட 'கோ' மொழியோடு கோஃபம்ட் என்ற டூலும் வந்தது. உங்கள் கோடை அது தன் இஷ்டத்துக்கு அடுக்கி வைத்துவிடும். உள்ளே தள்ள டேப்பா ஸ்பேஸா, எத்தனை என்றெல்லாம் மாற்றிக்கொள்ள இன்று அதில் ஆப்ஷனே கிடையாது. சண்டை நின்றது. மேதைகளிடையே சமாதானம் வர ஒரே வழி, யாரிடமும் அபிப்பிராயம் கேட்காமல் இருப்பதுதான் என்று தெரிந்தது.

ஆனால் குறை சொல்லும் கலையை நகைச்சுவைக் கலையாக்கியவர் டக்ளஸ் கிராக்ஃபோர்ட். 2002இல் ஜாவாஸ்கிரிப்டுக்கு ஜேஎஸ்லிண்ட் கொண்டுவந்தார். இது உங்கள் மனத்தைப் புண்படுத்தும் என்று முன்கூட்டியே எச்சரித்துவிட்டுத்தான் உள்ளே விடுவார். லைசென்ஸில் ஒரு வரி வேறு சேர்த்தார்: இதை நல்ல காரியத்துக்கு மட்டும் பயன்படுத்த வேண்டும், தீய காரியத்துக்குக் கூடாது. படிக்கிற எல்லாரும் சிரித்துவிட்டுப் போனார்கள், ஒரு கம்பெனியின் வக்கீல்களைத் தவிர.

"பெயரைச் சொல்லமாட்டேன், முதலெழுத்துகள் மட்டும் சொல்கிறேன்: ஐபிஎம்" என்று கிராக்ஃபோர்டே மேடையில் சொன்ன கதை இது. வக்கீல்களின் கவலை நியாயமானது. நாங்கள் நல்லவர்கள்தான், ஆனால் எங்கள் வாடிக்கையாளர்களுக்கு எப்படி உத்தரவாதம் தருவது? அவரும் பெரிய மனசோடு, ஐபிஎம்மும் அதன் வாடிக்கையாளர்களும் கூட்டாளிகளும் கையாட்களும் ஜேஎஸ்லிண்டைத் தீய காரியத்துக்குப் பயன்படுத்தலாம் என்று அனுமதி எழுதிக் கொடுத்தார். மனித வரலாற்றில் கெட்டது செய்ய எழுத்துமூலம் பர்மிஷன் வாங்கி, அதற்கு நன்றியும் சொன்ன கம்பெனி வேறு இருக்கிறதா, தெரிந்தால் சொல்லுங்கள்.

இனி காப்பி-பேஸ்ட் புராணம். ஓடுகிற கோடில் கை வைக்க எல்லாருக்கும் பயம். அதனால் அதை அப்படியே நகலெடுத்துப் பக்கத்தில் ஒட்டி, நகலில் மட்டும் இரண்டு வரி மாற்றுவார்கள். ஒன்றில் பக் இருந்தால் இரண்டிலும் இருக்கும். ஒன்றைச் சரிசெய்தவருக்கு இன்னொன்று இருப்பதே தெரியாது. மறுபடியும் பெல் லேப்ஸ்; இந்த முறை பிரெண்டா பேக்கர். 1990களின் தொடக்கத்தில் 'டப்' என்ற டூல் எழுதினார். மொட்டைக் காப்பியைப் பிடிப்பது பெரிய வித்தையில்லை. வேரியபிள் பெயரை மாற்றிவிட்டு நல்ல பிள்ளைபோல நிற்கும் காப்பியைப் பிடிக்க வேண்டுமே! பேக்கர் பெயர்களை விட்டுவிட்டு முறையைப் பார்த்தார். இங்கே 'எக்ஸ்' வரும் இடங்களிலெல்லாம் அங்கே தவறாமல் 'ஒய்' வந்தால், கன்னத்தில் மரு ஒட்டிக்கொண்டு மாறுவேஷத்தில் வந்திருக்கும் அதே கதாநாயகன்தான்.

அந்த டூலை எக்ஸ் விண்டோ சிஸ்டம் என்ற மதிப்புக்குரிய பெரிய சாஃப்ட்வேரின் மேல் ஓட்டினார். ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு காப்பி! எழுதியவர்கள் பரீட்சை ஹாலில் மாட்டிய பையன்கள் அல்ல, தேர்ந்த என்ஜினீயர்கள். பரீட்சைப் பையன்களுக்கும் தனி ஏற்பாடு வந்தது: 1994இல் அலெக்ஸ் ஐக்கன் உருவாக்கிய 'மாஸ்'. பெயருக்கேற்ற மாஸ்தான். கமென்டை மாற்றினாலும், வேரியபிளுக்கு வேறு பெயர் சூட்டினாலும் கைரேகை பார்த்துப் பிடித்துவிடும். வாத்தியார் காப்பியடித்தால் அதற்குப் பெயர் 'கோட் ரீயூஸ்' என்பதால் அவர் தப்பித்தார்.

காப்பி வேட்டையின் மகா காவியம் 2003இல் அரங்கேறியது. எஸ்சிஓ என்ற கம்பெனி, எங்கள் யூனிக்ஸ் சரக்கை லினக்ஸில் கொட்டிவிட்டீர்கள் என்று ஐபிஎம் மேல் நூறு கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. ஆதாரம் எங்கே என்று ஊரே கேட்டது. அந்த ஆகஸ்டில் லாஸ் வேகாஸ் மாநாட்டில் ஸ்லைடு போட்டுக் காட்டினார்கள். ரகசியமான கோட் ஆயிற்றே, யாரும் படித்துவிடக்கூடாது அல்லவா? அதற்கு ஓர் அபாரமான பாதுகாப்பு செய்தார்கள். ஃபான்டை கிரேக்க எழுத்தாக மாற்றினார்கள்!

ஸ்லைடு போட்டோவாக வெளியே வந்ததும், புரூஸ் பெரன்ஸ் என்ற புரோகிராமரும் நண்பர்களும் ஃபான்டைத் திருப்பி மாற்றிப் படித்தார்கள். மெமரி ஒதுக்கும் ஒரு பழைய ஃபங்ஷன். 1970களின் தொடக்கத்தில் பெல் லேப்ஸில் பிறந்தது. லினக்ஸில் இருந்தது உண்மைதான். ஆனால் அந்தப் பழைய யூனிக்ஸை இலவச லைசென்ஸில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று 2002இல் கால்டெரா என்ற கம்பெனி திறந்துவிட்டிருந்தது. யார் இந்தக் கால்டெரா? அதே வருஷம் பெயரை மாற்றிக்கொண்டு எஸ்சிஓ ஆனதே, அவர்களேதான். 2010இல் ஒரு ஜூரி இன்னும் ஒரு படி மேலே போய், அந்த யூனிக்ஸ் காப்பிரைட் உங்களுடையதே அல்ல, நோவெல் கம்பெனியுடையது என்றது. திருடு போனதாக ஊரைக் கூட்டியவர் வீட்டில் அந்த நகையே இருந்ததில்லை.

காப்பி எப்போதும் சிரிப்பில் முடிவதில்லை. 1996 ஜூன் 4, பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளம். ஐரோப்பாவின் புதிய ஏரியான் 5 ராக்கெட் கிளம்பிய நாற்பதாவது நொடிவாக்கில் வானத்தில் சிதறியது. திசை பார்க்கும் சாஃப்ட்வேர் ஏரியான் 4இலிருந்து அப்படியே எடுத்தது. புதிய ராக்கெட் கிடைமட்டமாக அதிக வேகம் எடுக்கும். அந்த மதிப்பு 16 பிட் எண்ணின் உச்சமான 32,767ஐத் தாண்டியதும் கம்ப்யூட்டர் கையை விரித்துவிட்டது. தப்பு நடந்த பகுதிக்கு ஏரியான் 5 கிளம்பிய பிறகு வேலையே இல்லை. பழைய ராக்கெட்டில் இருந்ததே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஓடிக்கொண்டிருந்தது. ஆபத்துக்கு உதவ இன்னொரு கம்ப்யூட்டர் இல்லையா? இருந்தது. அதிலும் அதே கோட். அது 72 மில்லிசெகண்ட் முன்னாடியே படுத்துவிட்டது.

இந்த விபத்துக்குப் பிறகு கோடை ஓட்டாமலே கணித முறையில் சோதிக்கும் டூல்களுக்கு மரியாதை வந்தது. மரியாதை வந்ததும் பெரியவர்களும் மாட்டத் தொடங்கினார்கள். மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பில் ப்யூ, ஃபைண்ட்பக்ஸ் என்ற டூலை ஜாவாவின் சொந்த லைப்ரரி மேல் ஓட்டினார். தன்னைத்தானே முடிவில்லாமல் கூப்பிட்டுக்கொண்டிருக்கும் ஃபங்ஷன்கள் அகப்பட்டன. "உன் வகை என்ன?" என்று கேட்டால் "இரு, கேட்டுச் சொல்கிறேன்" என்று தன்னிடமே போய்க் கேட்கும், தான் மறுபடியும் தன்னிடம். அதில் ஒன்றை எழுதியவர் ஜோஷுவா பிளாக். ஜாவாவை ஒழுங்காக எழுதுவது எப்படி என்று 'எஃபெக்டிவ் ஜாவா' புத்தகம் போட்டவர்! பாவம், அவரும் மனுஷர்தானே. புத்தகத்தை டூல் படித்திருக்கவில்லை, அதனால் பயப்படவில்லை.

ஸ்டான்ஃபோர்டிலிருந்து கிளம்பிய கவரிட்டி குழுவினர், கம்பெனி கம்பெனியாக டூல் விற்கப்போன அனுபவத்தை 2010இல் ஏசிஎம் சஞ்சிகையில் எழுதினார்கள். அரேயின் எல்லையைத் தாண்டி எழுதுகிறீர்கள் என்று டூல் காட்டினால், ஒன்றே ஒன்று தாண்டலாம், சட்டம் அனுமதிக்கிறது என்று சாதித்த புரோகிராமர்கள் இருந்தார்களாம். அதைவிட மேனேஜர்கள் சுவாரஸ்யம். டூலின் புதிய வெர்ஷன் அதிக பக் பிடிக்கும் என்றால் சந்தோஷப்பட வேண்டும்தானே? வேண்டாம் என்றார்கள். பக் கணக்கு கிராஃபில் ஏறும்; கிராஃப் ஏறினால் போனஸ் இறங்கும். நோய் வராமலிருக்க ஒரே வழி, தெர்மாமீட்டர் வாங்காமல் இருப்பது.

இத்தனை வம்பும் ஒன்றாகக் கூடிய நாள் 2014 பிப்ரவரி 21. ஐபோனுக்கு ஆப்பிள் அவசரமாக ஒரு அப்டேட் அனுப்பியது. பாதுகாப்பான இணைப்பில், எதிர்முனையில் இருப்பது நிஜமான பேங்க்தானா என்று கையெழுத்தைச் சரிபார்க்கும் கோட். ஒவ்வொரு சோதனைக்கும் கீழே, தப்பென்றால் 'கோட்டூ ஃபெயில்' என்று ஒரு வரி. ஓரிடத்தில் அந்த வரி இரண்டு முறை ஒட்டிக்கொண்டுவிட்டது. அடைப்புக்குறி போடாத ஸ்டைல். ஆகவே முதல் 'கோட்டூ ஃபெயில்' தப்பு வந்தால் மட்டும் ஓடும். இரண்டாவது, நிபந்தனை எதுவுமில்லாமல் எப்போதும் ஓடும். உள்தள்ளி எழுதியிருந்ததால் கண்ணுக்கு இரண்டும் நல்ல பிள்ளைகள். அந்த நொடிவரை தப்பு எதுவும் பதிவாகாததால், 'ஃபெயில்' என்ற இடத்துக்குக் குதித்துப்போய் 'பாஸ்' வாங்கி வந்தது. கடைசிக் கையெழுத்துச் சோதனைக்கு யாரும் போய்ச் சேரவே இல்லை.

பாருங்கள்: டைக்ஸ்ட்ரா வெறுத்த கோட்டூ, பேக்கர் தேடிய நகல், மகான்கள் சண்டையிட்ட ஸ்டைல், ஜான்சனின் லிண்ட் அன்றைக்கே திட்டிய 'யாரும் வந்து சேராத வரி'. நான்கும் ஒரே இடத்தில், 2012இல் வந்த ஐஓஎஸ் 6 முதல் கமுக்கமாகக் குடியிருந்திருக்கின்றன. ஆப்பிள் பயன்படுத்திய க்ளாங் கம்பைலரில் இதற்கு வார்னிங் இருந்தது. ஆனால் 'எல்லா வார்னிங்கும் வேண்டும்' என்ற ஆப்ஷனைக் கேட்டால் அதில் இது வராது. தனியாகக் கேட்க வேண்டும். ஜிசிசி கம்பைலர் இன்னும் விசேஷம். அந்த வார்னிங்கை எப்போதோ தூக்கிவிட்டார்கள்; ஆப்ஷனைக் கொடுத்தால் மட்டும் மரியாதையாக ஏற்றுக்கொண்டு, ஒன்றும் செய்யாது. ஏமாற்றும் உள்தள்ளலுக்கென்று ஜிசிசியில் வார்னிங் சேர்ந்தது 2016இல். குதிரை ஓடிய பிறகு லாயத்தைப் பூட்டுவார்கள் என்பார்கள். இங்கே லாயத்துக்கு ஸ்டைல் கைடும் எழுதினார்கள்.

அப்படியானால் டூல் சொல்வதையெல்லாம் சிரமேற்கொண்டு செய்தால் ஜெயித்துவிடலாம்? அவசரப்படாதீர்கள். 2006இல் டெபியன் லினக்ஸில் ஒருவர் அதைத்தான் செய்தார். ரகசியச் சாவிகள் செய்து தரும் ஓபன்எஸ்எஸ்எல் கோடைப் பற்றி வால்கிரைண்ட், பியூரிஃபை என்ற டூல்கள் புலம்பின. இவை புரோகிராமை ஓடவிட்டுக் குறை காண்பவை, லிண்டுக்குப் பங்காளிகள். மதிப்பே போடாத மெமரியைப் படிக்கிறாய் என்பது புகார். நம் ஆள் மியூட் பட்டன் தேடவில்லை. ஓபன்எஸ்எஸ்எல்காரர்களிடமே கேட்டார். பக் பிடிக்க உதவுமென்றால் எடுத்துவிடலாமே என்று பதிலும் வந்தது. இவ்வளவு சமர்த்தான பிள்ளையைப் புரோகிராமிங் உலகம் அதற்கு முன் கண்டதில்லை.

புகார் வந்த ஃபைலில் எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரியான வரி இரண்டு இடங்களில் இருந்தது. ஓரிடத்தில் அது, கிடைத்த குப்பை மெமரியையும் சும்மா ஒரு கை சேர்த்துக் கலக்கியது, எடுத்தால் நஷ்டமில்லை. இன்னோரிடத்தில், ரகசியச் சாவிக்கு வேண்டிய ரேண்டம் சரக்கு முழுவதும் உள்ளே போகும் வாசலே அதுதான். இரண்டுக்கும் ஒரே முகம். இரண்டையும் தூக்கினார். டூல்கள் அமைதியாயின. சாவி செய்ய மிஞ்சியது ப்ராசஸ் ஐடி மட்டும். ஆக, ஒவ்வொரு வகையிலும் மொத்தமே 32,767 சாவிகள். ஏரியான் ராக்கெட்டைக் கவிழ்த்த அதே எண்! உட்கார்ந்து எண்ணியே திறந்துவிடலாம். 2008 மே மாதம் லூசியானோ பெல்லோ என்பவர் கண்டுபிடித்துச் சொல்லும்வரை, உலகத்துச் சர்வர்கள் பல இந்தப் பூட்டை நம்பித் தூங்கின.

இரண்டு கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஆப்பிளில் ஒரே வரி இரண்டு முறை வந்தது. ஒன்று காவல்காரன், ஒன்று களவாணி. டெபியனில் ஒரே வரி இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்று குப்பை, ஒன்று உயிர். 'இரண்டும் ஒன்றுபோல இருக்கிறது' என்பதுவரை மெஷின் சொல்லும், அசராமல் சொல்லும். எது யார் என்று பிரித்துப் பார்க்கத்தான் மனுஷனைச் சம்பளம் கொடுத்து உட்கார வைத்திருக்கிறார்கள், வார்னிங் கணக்கைச் சைபராக்குவதற்கு அல்ல. நான் சொல்வது நியாயம்தான், நீங்களும் தலையாட்டுவீர்கள். ஆனால் மாசக் கடைசியில் மேனேஜர் எந்த கிராஃபைப் பார்ப்பார் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.